மார்கழிப் பூனைப்பருந்துக்கு 300 மி.மீ. போதுமா?

18 நவம்பர் 2023 (வாசகர் கேள்வி)

“என்னிடம் இருப்பது 70-300 மி.மீ. லென்ஸ், பழைய கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமரா. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் பனிக்காலத்தில் பூனைப்பருந்துகள் (ஹாரியர்) வரும் என்கிறார்கள். 600 மி.மீ. லென்ஸ் இல்லாமல் போனால் பெட்ரோல் வீண் என்று ஒருவர் சொல்லிவிட்டார். உண்மையா? எத்தனை மணிக்குப் போகலாம், எங்கே போகலாம்?”

19 நவம்பர் 2023, இரவு

600 இல்லாவிட்டால் வீண் என்று சொன்னவர் அந்த லென்ஸுக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருப்பார். 300 போதும்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். கிராப் சென்சாரில் 300 மி.மீ. வைத்து 25 மீட்டர் தூரத்தைப் பார்த்தால் ஃபிரேமின் அகலம் கிட்டத்தட்ட 2 மீட்டர். பூனைப்பருந்து சிறகை விரித்தால் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதாவது ஃபிரேமில் பாதிக்கு மேல் பறவைதான். அதே படம் 600-ல் 50 மீட்டரில் கிடைக்கும். உங்களுக்கும் 600 வைத்திருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் 25 மீட்டர். அந்த 25 மீட்டரை நீங்கள் போய்க் குறைக்கக் கூடாது. பறவையே வந்து குறைக்க வேண்டும்.

அது வரும். பூனைப்பருந்து கரும்பருந்து மாதிரி உயரத்தில் வட்டமடிக்கும் ஜாதி இல்லை. பயிருக்கு மேலே இரண்டு முழம், மூன்று முழம் உயரத்தில், சிறகை லேசாக மேலே தூக்கிப் பிடித்தபடி, காற்றில் மிதந்துகொண்டே தரையைத் தேடும். உளுந்துக்காட்டு ஓரம், ஓடைக்கரை, தரிசின் விளிம்பு என்று அதற்கு ஒரு தடம் உண்டு. இன்று ஏழரைக்கு ஓடைக்கரையோடு போனால் நாளையும் ஏறக்குறைய அதே நேரம் அதே கரையோடு போகும். முதல் இரண்டு நாள் கேமராவை வெளியே எடுக்காமல் அந்தத் தடத்தை மட்டும் பாருங்கள். மூன்றாம் நாள் அது வருவதற்கு முன்பே ஒரு கருவேலஞ்செடி ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். நிற்காதீர்கள். நிற்கிற ஆளைக் கண்டால் நூறு மீட்டரிலேயே ஒதுங்கும்.

சாட்சி வேண்டுமா? என் கடையில் மாட்டியிருக்கும் படம். 2018 ஜனவரி, பாலிட் என்ற வகைப் பூனைப்பருந்து, ஆண், நேருக்கு நேர், கண் மட்டத்தில். 300-ல் எடுத்தது, வெட்டிக்கூடச் சுருக்கவில்லை. 2019 காலண்டருக்கு அதைத்தான் போட்டேன், ஐந்நூறு பிரதி. வாங்கிப்போன வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் “முருகன் படம் இல்லையா?” என்று கேட்டார்கள். அது வேறு கதை.

வெளிச்சக் கணக்கில் எல்லோரும் அடிவாங்கும் இடம் ஒன்று உண்டு. கரிசல் மண் கறுப்பு. ஆண் பூனைப்பருந்து சாம்பல் வெள்ளை. கேமரா மண்ணைப் பார்த்து “இருட்டு” என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். பறவை வெள்ளைத் துணி மாதிரி வெளுத்துப்போகும், இறகில் ஒரு கோடு தெரியாது. ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறையுங்கள். அதே பறவை எழும்பி வானத்துக்கு முன்னால் வந்தால் நேர்மாறு, ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். பறக்கும்போது யாராலும் அதைத் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. அதனால் மேனுவலில் போட்டு, வெயில் மாறும்போது மட்டும் மாற்றுங்கள். காலை ஏழரை வெயிலில் ஐஎஸ்ஓ 400, எஃப்/5.6, ஷட்டர் 1/1600 என்று ஆரம்பித்தால் பெரிய தப்பு வராது.

20 நவம்பர் 2023

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். 70-300 லென்ஸ்களில் பல 300-ல் துளையை முழுதாகத் திறந்தால் படம் கொஞ்சம் மழுங்கும். எஃப்/8-க்கு வாருங்கள், ஐஎஸ்ஓவை 800-க்கு ஏற்றுங்கள். புள்ளி புள்ளியாக நாய்ஸ் வந்தால் வரட்டும்.

21 நவம்பர் 2023

நேரத்தைப் பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஏழிலிருந்து எட்டரை. அதற்குமேல் கானல் எழும்பும். மார்கழிதானே, குளிர்தானே என்று நினைக்க வேண்டாம். கறுப்பு மண் வெயிலை வாங்கியதும் ஒன்பது மணிக்கே தரையை ஒட்டிக் காற்று நெளியும். பூனைப்பருந்து பறப்பதும் தரையை ஒட்டித்தான். ஃபோகஸ் சரியாக இருக்கும், படம் தண்ணீருக்குள் எடுத்த மாதிரி இருக்கும். பல பேர் லென்ஸ் கெட்டுப்போச்சு என்று சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டு அலைவது இதனால்தான். இதில் 600 வைத்திருப்பவருக்குத்தான் நஷ்டம் அதிகம். 50 மீட்டர் கானல் அவருக்கு, 25 மீட்டர் கானல் நமக்கு.

26 நவம்பர் 2023

“எங்கே” என்ற கேள்விக்கு ஏன் பதில் இல்லை என்று மூன்று பேர் தனியாகக் கேட்டுவிட்டார்கள். பகலில் இரை தேடும் இடம் என்றால் ரகசியமே இல்லை. மானாவாரிக் காடு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வரும். எட்டயபுரம் ரோட்டில் பஸ்ஸில் போகும்போதே பார்க்கலாம். இரவில் அடையும் இடத்தை மட்டும் சொல்ல மாட்டேன்.

பூனைப்பருந்து மரத்தில் அடைவதில்லை. புல் தரிசில், தரையில், கூட்டமாக அடையும். பகலெல்லாம் தனித்தனியாக ஐந்து, பத்து மைல் சுற்றியதெல்லாம் பொழுது சாயும்போது ஒரே தரிசில் வந்து இறங்கும். குஜராத்தில் வேளாவதார் புல்வெளி உலகத்திலேயே பெரிய அடைவிடங்களில் ஒன்று. 2016-ல் அங்கே போயிருந்தேன். சூரியன் இறங்கும் நேரம் நாலாபக்கமும் இருந்து வந்துகொண்டே இருந்தன, எண்ண முடியாமல் விட்டுவிட்டேன். அங்கே காவல் உண்டு. இங்கே அடையும் இடம் யாரோ ஒருவருடைய பட்டா நிலம். நரி, நாய் தவிர மூன்றாவதாகக் கேமராக்காரன் வேறு எதற்கு?

இன்னொருவர் எலியைக் கட்டிப்போட்டால் கிட்ட வருமா என்று கேட்டிருக்கிறார். செய்யாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தில் வேட்டை என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே இரை வைப்பதும் சேர்ந்திருக்கிறது. துப்பாக்கி இல்லை என்பதால் வேட்டை இல்லை என்று ஆகிவிடாது. தவிர, இந்தப் பறவை இங்கே பெரும்பாலும் தின்பது வெட்டுக்கிளி. அடைந்து எழுந்த இடத்தில் அது கக்கிவிட்டுப் போகும் உருண்டைகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே முழுக்க வெட்டுக்கிளிக் கால்கள், இடையில் கொஞ்சம் வானம்பாடி இறகு. உங்கள் எலிக்கு அவ்வளவு மவுசு இல்லை.

ஒரு நல்ல விஷயம், இவை இங்கே கூடு கட்டுவதில்லை. கசகஸ்தான் பக்கம் போய்த்தான் குஞ்சு பொரிக்கும். அதனால் பனிக்காலத்தில் கூட்டைக் கலைக்கிற பயம் இல்லாமல் படம் எடுக்கலாம்.

3 டிசம்பர் 2023

இன்று காலை விழுந்தேன். பெரிய அடி இல்லை.

மூன்று நாள் முன் பெய்த மழை காய்ந்திருக்கும் என்று நினைத்து மக்காச்சோளக்காட்டு வரப்பிலிருந்து இறங்கினேன். கரிசல் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். நான்கு அடி வைப்பதற்குள் செருப்பு ஒன்று இரண்டு கிலோ ஆனது. ஐந்தாவது அடியில் கால் வந்தது, செருப்பு வரவில்லை. டிரைபாடை ஊன்றினேன், அது போய்க்கொண்டே இருந்தது. கேமராவை மேலே தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்த வாக்கில் சறுக்கினேன். காட்டுக்காரர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “அண்ணாச்சி, இந்தப் பிராந்த எடுத்து என்ன செய்யப் போறீக?” என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. காலண்டர் போட்டேன் என்று சொல்லலாம்தான்.

டிரைபாட் வேண்டாம். ஒரு பழைய உரச்சாக்கில் பாதிக்கு உமி நிரப்பிக் கட்டிக்கொண்டு போங்கள். உட்காரவும் ஆகும், முழங்கால் மேல் வைத்து லென்ஸைத் தாங்கவும் ஆகும்.

பனியைப் பற்றி ஒன்று. ஏசி அறையில் வைத்த கேமராவை விடியற்காலை வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும். முந்தின இரவே பையோடு திண்ணையில் வைத்துவிடுங்கள். ஏசி இல்லாத வீடு என்றால் இந்தத் தொல்லையே இல்லை, எங்கள் வீடு அப்படித்தான்.

9 டிசம்பர் 2023

நேற்று நான் போட்ட படத்தில் இருக்கும் பறவை பாலிட் பெண்தான். இல்லை, மாண்டேகு என்ற இன்னொரு வகை என்று சொல்பவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கழுத்தில் வெளிறிய பட்டை தெரிகிறது. இருபது வருடமாகப் பார்க்கிறேன்.

10 டிசம்பர் 2023

சரி. மாண்டேகு.

பெரிதாக்கிப் பார்த்தது நான்தான். பட்டை என்று நினைத்தது பக்கவாட்டு வெயில் பட்டுக் கழுத்து இறகு மினுங்கியது. பாலிட் என்றால் அந்த வெளிறிய பட்டைக்குப் பின்னால் கழுத்தின் பக்கம் அடர்ந்த பழுப்பு இருக்கும், அதனால்தான் பட்டையே எடுப்பாகத் தெரியும். இதில் பின்னால் ஒன்றும் இல்லை. கண்ணைச் சுற்றியும் வெள்ளை தாராளம். சிறகின் அடிப்பக்கம் பார்த்தால் இன்னும் தெளிவு. உள்பக்க இறகுகளில் கறுப்புப் பட்டைகள் தனித்தனியாக, இடையே வெளிச்சமாக இருக்கின்றன. பாலிட் பெண்ணுக்கு அந்த இடம் உடம்பை நெருங்க நெருங்க மங்கி இருட்டாகும்.

ஆண்கள் என்றால் இந்தச் சண்டையே வராது. மாண்டேகு ஆணுக்குச் சிறகின் மேல்பக்கம் கறுப்புக் கோடு ஒன்று ஓடும், விலாவில் செம்பழுப்புக் கீற்று இருக்கும். பாலிட் ஆணுக்குச் சிறகு நுனியில் ஒரு கறுப்பு ஆப்பு, மற்றபடி சாம்பல் வெள்ளை. பெண்களும் இளசுகளும்தான் நம்மை இப்படி ஊர் சிரிக்க வைப்பது.

இருபது வருடம் என்று எழுதியதை அழிக்கவில்லை. இருக்கட்டும்.

24 டிசம்பர் 2023

கொஞ்ச நாளாக எழுதவில்லை. 17, 18 தேதிகளில் பெய்த மழை எல்லோருக்கும் தெரிந்ததே. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை, ஆனால் கண்மாய் உடைந்தது. கடைக்குள் முழங்கால் தண்ணீர், ஆணிப்பெட்டி எல்லாம் துரு. சிமென்ட் மூட்டைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இன்றுதான் எக்ஸெல் வண்டியை எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் போனேன். உளுந்து நின்ற இடம் ஏரி. நான் தடம் சொன்ன ஓடைக்கரையே இல்லை, ஓடை அகன்று போய்விட்டது. மாண்டேகு, பாலிட் ஒன்றையும் காணோம். வெட்டுக்கிளி மூழ்கிய இடத்தில் அவற்றுக்கு என்ன வேலை? அதற்குப் பதில் சேற்றுப் பூனைப்பருந்து இரண்டு தண்ணீருக்கு மேலே சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவை வழக்கமாகக் குளத்தில், பள்ளிக்கரணை மாதிரிச் சதுப்பில் இருக்க வேண்டியவை. அழுகின உளுந்துக்காட்டின் மேல் பார்த்தது எனக்கு இதுதான் முதல் தடவை. காட்டுக்காரர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை. அவருக்கு முன்னால் எடுக்கத் தோன்றவில்லை.

7 ஜனவரி 2024

பின்னூட்டத்தில் ஒருவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். அந்த 2018 படத்தில் பறவை எப்படி உங்களை நோக்கி நேராக, அவ்வளவு கிட்டத்தில் வந்தது என்று. நான் கானல், பனி, உரச்சாக்கு என்று பேசி நழுவிக்கொண்டிருந்தேன்.

தானாக வரவில்லை. சாயங்காலம் ஐந்தரை, வெயில் சாய்ந்து மஞ்சளாக இருந்தது. தரிசில் முப்பது பறவைக்குப் பக்கம் அடைய வந்திருந்தன, சில ஏற்கெனவே இறங்கிவிட்டன. நானும் என் பங்காளி ஒருவனும். ஒரு ஓரத்தில் நான் படுத்துக்கொண்டேன். அவன் எதிர்ப்பக்கமாக வண்டியை எடுத்துப்போய்த் தரிசுக்குள் விட்டான், ஹாரன் வேறு. எல்லாம் கலைந்து எழும்பின. வெயில் என் முதுகுப் பக்கம், காற்று என் பக்கமிருந்து. பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும் என்று எங்களுக்குத் தெரியும், கணக்குப் போட்டுத்தான் செய்தோம். அந்த வெள்ளை ஆண் நேராக என் மேல் வந்தது.

மறுநாள் பன்னிரண்டு வந்தன. அதற்கு மறுநாள் ஒன்றுமில்லை. பக்கத்துக் காட்டில் அறுவடை மிஷின் சத்தம், அதனால்தான் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். மிஷின் வந்தது அடுத்த வாரம்.

நவம்பர் 26-ல் சட்டம் பேசினேன் அல்லவா. அதே வரியில் இரை வைப்பதற்குப் பக்கத்திலேயே விரட்டுவதும் இருக்கிறது. எழுதும்போது அதைத் தாண்டிப் போய்விட்டேன். மறந்து அல்ல.

கடைச் சுவரில் இருந்த படத்தை வெள்ளம் வந்தபோது கழற்றியது, திரும்ப மாட்டவில்லை. ஆனால் காலண்டரை என்ன செய்ய? பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் 2019 இன்னும் தொங்குகிறது. தேதித்தாள் தீர்ந்தும் படம் நன்றாக இருக்கிறது என்று வைத்திருக்கிறார். தினம் அதற்குக் கீழே உட்கார்ந்துதான் டீ குடிக்கிறேன்.

8 ஜனவரி 2024

“அப்படியென்றால் 300 போதும் என்றது பொய்யா?” நியாயமான கேள்வி. கணக்கு பொய்யில்லை. சாட்சிதான் பொய்.

17 ஜனவரி 2024

கேள்வி கேட்ட தம்பி பொங்கலுக்கு ஊருக்கு வந்து படம் எடுத்துப் போட்டிருக்கிறார். எல்லோரும் பார்த்தீர்களா? பூனைப்பருந்து ஃபிரேமில் கட்டைவிரல் நகம் அளவு. கீழே வெள்ளம் அடித்துப்போன காட்டை மறுபடி உழுகிற டிராக்டர், பின்னால் கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகள் வரிசையாக, இடது ஓரத்தில் கிடைபோட்ட ஆடுகள். பறவை டிராக்டருக்குப் பின்னாலேயே போகிறது, கலப்பை கிளப்பும் பூச்சிக்காக. “ரொம்பச் சின்னதாக இருக்கிறது, மன்னிக்கவும்” என்று எழுதியிருக்கிறார்.

எதற்கு மன்னிப்பு? நான் எடுத்த படத்தைப் பார்த்தால் அது ஸ்பெயினா, ராஜஸ்தானா, கோவில்பட்டியா என்று சொல்ல முடியாது. பின்னணி முழுக்க மங்கலான பழுப்பு. அதைத்தான் நாங்கள் தரம் என்று பேசிக்கொண்டிருந்தோம். இதில் அது எந்த ஊர், எந்த மாதம், என்ன நடந்த வருடம் என்று எல்லாம் தெரிகிறது. 70-300-ல் 300-க்கே போகாமல் 120-ல் எடுத்திருக்கிறார். ஆக, இவ்வளவு பேச்சும் லென்ஸின் தப்பான முனையைப் பற்றி.

ஒரே ஒரு குறை. பறவையின் தலை காற்றாலைத் தூணில் ஒட்டிக்கொண்டது. அரை நொடி பொறுத்திருந்தால் விலகியிருக்கும். குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை, வயசு அப்படி.

4 பிப்ரவரி 2024

நவம்பர் 26 குறிப்பின் கடைசிப் பத்தியைத் திருத்த வேண்டும். பனிக்காலத்தில் கூட்டைக் கலைக்கிற பயம் இல்லை என்று எழுதினேன். வந்துபோகிற பறவைகளுக்கு அது சரி. ஆனால் இங்கேயே இருப்பவை? செம்பருந்து டிசம்பரிலிருந்தே கூடு வைக்கும். கொம்பன் ஆந்தை இதே மாதங்களில்தான் கல்குவாரி விளிம்பிலும் ஓடைக்கரைப் பொந்திலும் வெறும் தரையில் முட்டையிடும். பூனைப்பருந்தைப் பார்க்க ஓடையோடு நடக்கிற நாம் அதன் முட்டைமேல் கால் வைத்துவிட அதிக நேரம் ஆகாது. இன்று காலை எனக்கு மூன்று அடிக்கு முன்னால் ஒன்று எழும்பியது. அந்தச் சிறகு சத்தமே போடாது, பெரிய சாக்கு ஒன்று பறந்துபோன மாதிரி இருந்தது. முட்டை இருந்ததா என்று குனிந்து பார்க்காமல் வந்த வழியே திரும்பிவிட்டேன். இனி அந்தக் கரைப்பக்கம் ஏப்ரல் வரை இல்லை.

தரிசுகள் குறைகின்றனவா என்று கேட்டவருக்கு: ஆமாம், குறைந்துகொண்டே வருகின்றன. 2018-ல் நாங்கள் கலைத்த அந்தத் தரிசு இப்போது பாதி சீமைக்கருவேலம், பாதி மஞ்சள் பெயிண்ட் அடித்த பிளாட் கல். எங்கள் வண்டியை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்று எழுதத் தோன்றுகிறது. எழுதிவிட்டேன். படிக்க நன்றாக இல்லை.

10 மார்ச் 2024

காட்டுக்காரர் காலையிலேயே போன். “அண்ணாச்சி, உங்க பிராந்து ரெண்டு இன்னும் போகாம சுத்திக்கிட்டு கெடக்கு, வாரீகளா?” உங்க பிராந்து என்கிறார் இப்போது.

போனேன். வெள்ளத்துக்குப் பிறகு மறுபடி விதைத்த பாசிப்பயற்றைப் பறித்து முடித்திருந்தார், பாதிக்குப் பாதிதான் விளைச்சல் என்றார். அவரும் என்னோடு வரப்பில் உட்கார்ந்தார், உமிச்சாக்கை அவருக்குக் கொடுத்தேன். எட்டு மணிவாக்கில் வந்தது. பாலிட் ஆண், இந்த முறை சந்தேகமே இல்லை, சிறகு நுனியில் ஆப்பு பளிச்சென்று தெரிந்தது. பறித்து முடித்த பயற்றுச் செடி மேலே தவழ்ந்து, நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதைச் சட்டை பண்ணாமல், இருபது மீட்டரில் முன்னால் கடந்து போனது. யாரும் விரட்டவில்லை. பதினான்கு படம் தட்டினேன்.

பதினான்கும் கலங்கல். ஷட்டர் 1/200-ல் கிடந்தது. முந்தின நாள் மகள் மாடியில் அதே கேமராவில் செம்பருத்திப் பூவைப் படம் எடுத்திருக்கிறாள்.

காட்டுக்காரருக்குப் பின்திரையில் காட்டினேன். “இதுவும் நல்லாத்தான இருக்கு, காலண்டருல போடலாமே” என்றார்.